குளிர் முடிவதற்குள் காய்கறித் தோட்டத்தில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ (தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட்) இரண்டு நாள் நல்ல வெயில் அடித்துவிட்டால் போதும், மண்வெட்டியை எடுக்கக் கை பரபரக்கும். எடுக்காதீர்கள். அந்த வெயில் மேல்மண்ணைத்தான் காய வைத்திருக்கும். அரையடி ஆழத்தில் இன்னும் சொதசொதவென்றுதான் இருக்கும். ஈர மண்ணைக் கொத்திப் புரட்டினால் அதற்குள் இருக்கும் காற்று இடைவெளிகள் நசுங்கிவிடும். களிமண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம், காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகி, அந்தப் பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஈரமான பாத்தியின் மேல் நடப்பதும் கிட்டத்தட்ட அதே கெடுதலைச் செய்யும். போயே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுகொள்ளுங்கள்.

மண் தயாரா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருந்து ஒரு பிடி மண் எடுங்கள். மேலே இருப்பதை எடுத்தால் அது பொய் சொல்லும். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டு, விரல்களைத் திறந்து கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். விரல் பதிந்து குழி விழுந்தும் உருண்டை அப்படியே நின்றால், வைத்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். நான்கைந்து நாள் காயவிட்டு மறுபடி பார்க்கலாம். மணல் மண் ஈரமாக இருந்தாலும் சரியாக உருண்டை பிடிக்காது, ஆனால் அது சீக்கிரம் வடிந்துவிடும் என்பதால் அவ்வளவு கவலை இல்லை. ஒரே தோட்டத்தில்கூட எல்லாப் பாத்தியும் ஒரே நாளில் தயாராகாது. உயர்த்திக் கட்டிய பாத்தி முந்தும், சுவரின் நிழலில் கிடப்பது பிந்தும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.

சரி, மண்ணைத் தொடக் கூடாது என்றால் என்ன செய்வது? இந்த வாரங்களில் முக்கால்வாசி வேலை வீட்டுக்குள்தான்.

முதலில் ஒரு தேதி வேண்டும். உங்கள் பகுதியில் வசந்தத்தின் கடைசி உறைபனி எப்போது என்பதை வானிலைத் துறையின் பதிவுகளில் பார்க்கலாம். வழக்கமாகச் சொல்லப்படும் தேதி சராசரிக் கணக்கு. ஏறக்குறைய பாதி வருஷங்களில் அதற்குப் பிறகும் உறைபனி விழும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் உங்கள் தோட்டம் தாழ்வான இடத்தில் இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வீட்டுக்குள் விதைக்கும் நாளைக் கண்டுபிடிக்க அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவேன். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம். வெள்ளரி, பூசணி வகைகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு மேல் வேண்டாம், அவற்றுக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது. கோஸும் காலிஃபிளவரும் லேசான குளிரைத் தாங்கும், எனவே அவற்றின் நாற்றைக் கடைசி உறைபனிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே வெளியே நடலாம். தக்காளி விஷயத்தில்தான் எல்லோருக்கும் அவசரம். ஜன்னலோரத்தில் மூன்று மாதம் வளர்ந்து, ஒல்லியாக நீண்டு, தொட்டியிலேயே பூத்து நிற்கும் நாற்றைவிட, ஆறு வாரத்தில் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும் நாற்று நட்டதும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். தாமதம் என்று நினைக்கும்போது விதைப்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

புது விதை வாங்கும் முன் இருப்பதைச் சோதியுங்கள். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய, ரப்பர் பேண்ட் போட்ட அரைகுறைப் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. எல்லாம் முளைக்காது. வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிக்கைக்குரியதில்லை. மிளகாய் இரண்டு வருஷம், பீன்ஸ், பட்டாணி, கேரட் மூன்று, தக்காளியும் கத்தரியும் நான்கு, வெள்ளரி ஐந்து வருஷம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வெப்பமும் ஈரமும் படாமல் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு.

சந்தேகமான பாக்கெட்டில் இருந்து பத்து விதை எடுங்கள். டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, அதன் மேல் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டிலேயே வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தாள் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பையின் மேல் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள், முளை விட்ட பிறகு கோஸையும் முள்ளங்கியையும் பிரித்துப் பார்க்க முடியாது. முள்ளங்கி மூன்று நாளில் வாலை நீட்டிவிடும், தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். பத்தில் எட்டு முளைத்தால் வழக்கம் போல விதைக்கலாம். ஐந்து என்றால் இரண்டு மடங்கு நெருக்கமாகப் போடுங்கள். அதற்கும் கீழே என்றால் பாக்கெட்டை விட்டுவிடுங்கள்.

நாற்றுக்கு வெளியே இருக்கும் தோட்ட மண்ணை அள்ளி வராதீர்கள். தட்டில் அது இறுகிவிடும், நோய்க் கிருமிகளும் கூடவே வரும். தேங்காய்நார்க் கழிவு கலந்த நாற்றுக் கலவை போதும். பழைய குழித்தட்டுகளைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் பத்து நிமிடம் ஊற வைத்து, அலசிக் காய வையுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் இருந்தால் சரி. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் முளைக்கக் கலவை 25 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. முளைத்த பிறகு அவ்வளவு சூடு வேண்டாம், ஆனால் வெளிச்சம் வேண்டும். குளிர்கால ஜன்னல் வெளிச்சம் பெரும்பாலும் போதாது. விளக்கை நாற்றுக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர உயர்த்திக்கொண்டே போங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் வரும் பெரிய தொல்லை நாற்றழுகல். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். கிட்டே போய்ப் பார்த்தால், மண்மட்டத்தில் மட்டும் தண்டு பழுப்பேறி நூல் போல இளைத்திருக்கும், மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழி கிடையாது. வராமல் தடுப்பதுதான் வைத்தியம்: நெருக்கமாக விதைக்க வேண்டாம், தட்டை மூடி வைத்திருந்தால் முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள், அடியில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள், சின்ன விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். காற்று பட்டால் தண்டும் உரமேறும்.

மண் பரிசோதனைக்கும் இதுவே நேரம். தோட்டத்தின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பெரும்பாலான காய்கறிகளுக்குப் பிஹெச் (மண்ணின் அமில, கார அளவு) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் போதும். அமிலம் அதிகம் என்று வந்தால்தான் சுண்ணாம்பு. அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பரிசோதிக்காமல் சுண்ணாம்பு போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். மக்காத சாணத்தை இப்போது போடவே போடாதீர்கள். மண்ணைத் தொட்டு விளையும் கேரட், கீரை போன்றவற்றை அறுவடை செய்வதற்குக் குறைந்தது 120 நாள் முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும். நன்றாக மக்கிய எரு என்றால் அந்தப் பயம் இல்லை. மண் உதிர ஆரம்பித்ததும் 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பாத்தியின் மேல் பரப்பி, மேலாகக் கிளறிவிட்டால் போதும், ஆழமாகப் புரட்டத் தேவையில்லை.

போன வருஷத்துச் செடிகளில் நோய் வந்தவற்றை இப்போதே அகற்றுங்கள். மற்றபடி உள்ளே கூடாக இருக்கும் காய்ந்த தண்டுகளைக் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம், சில காட்டுத் தேனீக்கள் அதற்குள்தான் குளிரைக் கழிக்கும். முதலில் விதைக்கப் போகும் பாத்தியில் இருந்து மட்டும் மூடாக்கை (மண்ணை மூடியிருக்கும் வைக்கோல், இலைதழை) ஒதுக்கி வையுங்கள், மண் சீக்கிரம் சூடேறும். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பம். அவற்றுக்குப் போன வருஷத்துப் பாத்தியைக் கொடுக்காமல் காகிதத்திலேயே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது வெயில் கொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கத்து மரம் இலை விட்டதும் அங்கே நிழல்தான்.

கருவிகளுக்கு ஒரு மதியம் ஒதுக்கினால் போதும். துருவைத் தேய்த்து, அரத்தால் கூர் தீட்டி, மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

விதைக்கும் நாளை மண்ணின் வெப்பமே சொல்லும். ஒரு மண் வெப்பமானியைக் காலையில் 5 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். தொடர்ந்து சில நாள் 5 டிகிரியைத் தாண்டினால் பட்டாணி, முள்ளங்கி, பசலை (ஸ்பினாச்) எல்லாம் போடலாம், கொஞ்சம் மெதுவாக முளைக்கும். பீன்ஸுக்கும் வெள்ளரிக்கும் 16 டிகிரியாவது வேண்டும், குளிர் மண்ணில் அந்த விதைகள் அழுகிவிடும். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் இரவிலும் வெளியே. நட்ட பிறகும் ஒரு பழைய போர்வையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். உறைபனி எச்சரிக்கை வந்தால் இருட்டும் முன் நாற்றை மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.