ஊதா மூடிக் குழாயும் ஒளிராத ஸ்லைடும்: கிளைக்கான் மைக்ரோஅரேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், திருச்சிப் பக்கம் உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிளைக்கான் மைக்ரோஅரே என்பது சின்னக் கண்ணாடி ஸ்லைடு. அதில் கிளைக்கான் எனப்படும் சர்க்கரைச் சங்கிலிகள் நூற்றுக்கணக்கில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். மேலே சீரத்தையோ (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு புரதத்தையோ விட்டுக் கழுவினால், எது எந்தச் சர்க்கரையில் ஒட்டியது என்பதை ஒளிரும் சாயம் காட்டிவிடும். இதைச் சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹெச்பிஏ1சி சோதனை பார்ப்பது ஹீமோகுளோபினில் தானாக ஒட்டிக்கொண்ட குளுக்கோஸை. இங்கே பார்ப்பது செல் தன் நொதிகளைக் கொண்டு கட்டிய சங்கிலியை.

பல தவறுகள் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகின்றன. அணுக்கள் எண்ணுவதற்காக ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் மீந்திருக்கும். அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அந்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ரத்தத்தில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதமோ கால்சியம் இல்லாமல் அதைத் தொடாது. ஸ்கேனரில் வைத்தால் அந்தப் புள்ளிகள் எல்லாம் இருட்டு. எனக்கு இரண்டு நாள் உழைப்பு இப்படிப் போயிருக்கிறது. சரி, கால்சியம் சேர்த்தால் போதும் என்று பாஸ்பேட் பஃபரில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) கால்சியம் குளோரைடை விட்டேன். அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கிவிட்டது. கால்சியம் பாஸ்பேட் படிந்த ஸ்லைடு எதற்கும் ஆகாது. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த சீரம், கால்சியம் கலந்த டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் பஃபர், இப்படிப் போங்கள்.

ஐப்பசி மழை நாளில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஸ்லைடு டப்பாவை உடனே திறக்காதீர்கள். டெல்டாக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் பூத்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

அப்புறம், முடிவைப் படிக்கும் இடம். சியாலிக் அமிலம் என்பது சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரு சர்க்கரை. "சியாலிக் அமிலத்தில் ஒட்டுகிறது" என்று எழுதி நிறுத்துவது பாதிப் பதில்தான். அறுவடை முடிந்த வயலில் நம் பக்கம் வாத்து மேய்ப்பார்களே, அந்த வாத்துகளுக்கு வரும் இன்ஃபுளுவென்சா வைரஸ் பொதுவாக ஆல்ஃபா 2-3 இணைப்பில் உள்ள சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும். மனிதரிடையே பரவும் வைரஸ் பிடிப்பது ஆல்ஃபா 2-6 இணைப்பை. சர்க்கரை ஒன்றுதான், கோத்த முடிச்சு வேறு. பறவை வைரஸ் மனிதருக்குத் தாவுமா என்ற கேள்வியில் அந்த முடிச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. இணைப்பை எழுதாத அட்டவணையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ரத்த வகையையும் மறந்துவிடுகிறார்கள். ஏ, பி வகைகளே சர்க்கரைச் சங்கிலிகள்தான். ஓ வகைக்காரர் சீரத்தில் இரண்டுக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். நோயாளிகளில் ஓ வகை அதிகமாகவும் ஒப்பீட்டுக் குழுவில் குறைவாகவும் இருந்தால், ரத்த வகை வித்தியாசமே நோய்க்குறி போலத் தெரியும்.

ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். ஒவ்வொரு சர்க்கரையையும் ஆறு முறை பதித்து, உச்சத்தையும் அடியையும் விட்டு, நான்கின் சராசரி எடுப்பது பழகிய வழக்கம். மேனோஸைப் பிடிக்கும், வாளவரை இனத்து விதையின் கான்கனாவலின் ஏ புரதத்தையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். மேனோஸ் புள்ளிகள் ஒளிரவில்லை என்றால் கோளாறு ஸ்லைடிலோ பஃபரிலோ இருக்கிறது. ஒளிர்ந்தால், கரைசலில் மேனோஸ் போன்ற மீத்தைல் மேனோசைடைக் கலந்து இன்னொரு ஸ்லைடில் மறுபடி ஓட்டுங்கள். புரதம் கரைசலில் உள்ளதையே பிடித்துக்கொள்வதால் அப்போது புள்ளிகள் மங்க வேண்டும். மங்காமல் அப்படியே நின்றால், புரதம் சர்க்கரையைப் பிடிக்கவில்லை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.