ரவுட்டரில் ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டதும் ஸ்மார்ட் பிளக் ஒட்ட மாட்டேன் என்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரவுட்டரில் கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி முடித்த இரவு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. லேப்டாப், போன், டிவி எல்லாம் சமர்த்தாக வந்து ஒட்டிக்கொண்டன. கீசருக்கு மாட்டியிருந்த 16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் மட்டும் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பட்டனை ஐந்து விநாடி அழுத்தி ரீசெட் செய்தேன், ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், பிளக்கைக் கழற்றி ரவுட்டர் பக்கத்திலேயே கொண்டுவந்து சொருகிப் பார்த்தேன், நள்ளிரவு தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. அதில் போட்டிருந்த காலை ஐந்தரை மணி டைமர் ரீசெட்டில் அழிந்துபோனது நினைவுக்கு வரவில்லை, அதனால் மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்தான்.

முதல் தவறு இதுதான்: எடுத்த எடுப்பில் ரீசெட். போன வாரம் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிளக் திடீரென்று கெட்டுப்போகவில்லை, மாறியது ரவுட்டர். அப்படியென்றால் கேள்வியை ரவுட்டரிடம்தான் கேட்க வேண்டும். கம்பெனி ஃபர்ம்வேரில் (ரவுட்டரோடு வரும் மென்பொருள்) பெரும்பாலும் இவ்வளவு விவரமாகக் கிடைக்காத ஒரு வசதி இங்கே இருக்கிறது, லாக், அதாவது நடப்பதை ரவுட்டர் எழுதிவைக்கும் குறிப்பு. ஓப்பன் டபிள்யூஆர்டியின் அமைப்புப் பக்கமான லூசியில் ஸ்டேட்டஸ் மெனுவுக்குள் சிஸ்டம் லாக் இருக்கும், டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் ‘logread -f’ கமாண்டை ஓடவிட்டுக் கண்முன்னே வரிகள் விழுவதைப் பார்க்கலாம். பிளக்கை ஆன் செய்துவிட்டு ஒரு நிமிடம் அதையே பாருங்கள்.

பிளக்கின் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) லாக்கில் தலைகாட்டவே இல்லையா? ரேடியோ மட்டத்திலேயே சிக்கல், பிளக்குக்கு உங்கள் நெட்வொர்க் கண்ணிலேயே படவில்லை, அல்லது பட்டும் தனக்கானது இல்லை என்று ஒதுக்கிவிட்டது. முகவரி வந்து ‘பிஎஸ்கே மிஸ்மேட்ச்’ என்பது போன்ற வரி விழுகிறதா? பாஸ்வேர்டைப் பாருங்கள். ‘கனெக்டெட்’ என்று வந்தபின் டிஹெச்சிபி (சாதனத்துக்கு ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு) வரிகள் எதுவுமே இல்லையா? ஃபயர்வால் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) அல்லது டிஹெச்சிபி அமைப்பில் சிக்கல். ஐபி முகவரியும் கிடைத்துவிட்டது, ஆனாலும் ஆப் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? அப்போது டிஎன்எஸ் (சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), இணையம் பக்கம் போங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றுவது இருட்டில் சாவி தேடுகிற வேலை.

என் பிளக் லாக்கில் வரவே இல்லை. காரணம் தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 1, 6, 11 என்று அடைத்துக்கொண்டு கிடக்க, 13-ஆவது சேனல் காலியாக இருந்தது, ஆஹா என்று அதைப் போட்டிருந்தேன். இந்தியாவில் 13 அனுமதிக்கப்பட்ட சேனல்தான், தப்பில்லை. ஆனால் அமெரிக்க வழக்கப்படி 1 முதல் 11 வரை மட்டுமே தேடும்படி அமைத்து விற்கப்படும் சாதனங்கள் நிறைய, அவற்றுக்கு 13-இல் ஒரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது. அது ஏன் காலியாகக் கிடக்கிறது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். 1, 6, 11-இல் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். அப்படியே நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே வையுங்கள், சிக்னல் பவர் கூடும் என்று வேறு நாட்டைப் போடுவது சட்டப்படியும் தப்பு, பயனும் பெரிதாக இல்லை.

அடுத்தது, நான் ‘புதுப்பணக்காரத் தவறுகள்’ என்று சொல்வது. புது ஃபர்ம்வேர் கைக்கு வந்ததும் இருக்கிற நவீன வசதி எல்லாவற்றையும் டிக் அடித்துவிடுவோம். மலிவு விலை பிளக்கிலும் பல்பிலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது இஎஸ்பி8266 மாதிரி ஒரு சின்ன சிப். அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், அதிலும் வைஃபை 4 வரைதான். அதன் முன்னால் வைஃபை பாதுகாப்பு முறைகளான டபிள்யூபிஏ2, புதிய டபிள்யூபிஏ3 இரண்டையும் கலந்து வைத்தால் சில சாதனங்கள் குழம்பிப் பின்வாங்கிவிடும். ‘கலந்துதானே வைத்திருக்கிறேன், பழையது பழையதை எடுத்துக்கொள்ளட்டும்’ என்பது நம் நியாயம், பல்புக்கு அந்த நியாயம் புரிவதில்லை. 2.4-இல் ஏஎக்ஸ் (வைஃபை 6) மோடை ஆன் செய்தால் சில பழைய சாதனங்களுக்கு நெட்வொர்க்கே தெரிவதில்லை. ரோமிங்குக்கான (ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுவதற்கான) 802.11ஆர் வசதியும் இப்படித்தான், ஒரே ஒரு ரவுட்டர் இருக்கிற வீட்டில் அதை ஆன் செய்து வைப்பதால் ஒரு லாபமும் கிடையாது. இன்னும் பழைய சாதனம் என்றால் 802.11பி வேகங்களை அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கிறது, அது பொதுவாக அணைத்தே வரும், தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

இதற்காக வீடு முழுவதையும் பழைய காலத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஓப்பன் டபிள்யூஆர்டியில் ஒரே ரேடியோவில் இரண்டு மூன்று பெயர்களில் நெட்வொர்க் ஓடவிடலாம். பல்பு, பிளக் வகையறாவுக்கு 2.4-இல் மட்டும் ஒரு தனிப் பெயர், டபிள்யூபிஏ2 மட்டும். அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் பழைய ஃபர்ம்வேரில் இருந்ததாகவே இருந்தால் இன்னும் நல்லது, பல சாதனங்கள் எதுவும் நடக்காதது போல் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: பெயருக்கு உச்சவரம்பு 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான், தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘எங்கவீடு’ என்ற ஐந்தெழுத்துப் பெயரே 24 பைட்டைத் தின்றுவிடும். ஆசைக்கு மெயின் நெட்வொர்க்குக்குத் தமிழில் பெயர் வையுங்கள், பல்புக்கான நெட்வொர்க்கில் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

சரி, புதிதாக ஒரு பல்பைச் சேர்க்கும்போது நடக்கும் கூத்துக்கு வருவோம். பல்பு வேகமாகச் சிமிட்டும்போது ஆப் உங்கள் பாஸ்வேர்டை அதற்கு எப்படிச் சொல்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பல்புதான் இன்னும் நெட்வொர்க்குக்குள்ளேயே வரவில்லையே! இதற்கென்று ஒரு தந்திரம் உண்டு. போன் வைஃபையில் வெறும் பாக்கெட்டுகளாக (சின்னத் தரவுத் துண்டுகள்) அனுப்பும். உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருக்கும், பல்பால் படிக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நீளம் என்பது வெளியே நிற்கிறவருக்கும் தெரியும். அந்த நீளங்களையே எழுத்துகளாக வைத்து பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறது போன். மூடிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே தட்டுகிற சத்தத்தை எண்ணுகிற மாதிரி. இப்போது போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, பல்பு 2.4-இல் காதை வைத்துக் காத்திருக்கிறது என்றால் இந்தச் சத்தம் சரியாக விழாமல் போகும் வாய்ப்பு அதிகம். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சேர்க்கிற ஐந்து நிமிடத்துக்கு 5-ஐ அணைத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பல்பை மெதுவாகச் சிமிட்டும் நிலைக்குக் கொண்டுபோங்கள், அப்போது அது தானே ஒரு சின்ன வைஃபையைத் திறக்கும், போன் அதில் நேரடியாகப் போய்ச் சேரும். இங்கேயும் ஒரு குழி உண்டு: அந்த வைஃபையில் இணையம் இல்லை என்றதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த நேரத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் பலர் செய்யும் இன்னொரு தவறு, கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் வைஃபையையும் ஓடவிடுவது. பல்பு நம் ரவுட்டரில், போன் பழைய பாசத்தில் அந்தப் பெட்டியில். ஒரே வீடுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க், ஒன்றை ஒன்று பார்க்காது. அந்த வைஃபையை அணையுங்கள். கூடவே, ஓப்பன் டபிள்யூஆர்டி தனக்கு 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டுதான் வரும், ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கும் அதே முகவரி. இரண்டும் மோதினால் பல்பு மட்டுமில்லை, எதற்குமே இணையம் வராது. நம் ரவுட்டரை 192.168.10.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இனி பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களுக்கு. பல்பையும் கேமராவையும் தனி விஎல்ஏஎன்-இல் (ஒரே ரவுட்டருக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) ஒதுக்குவது நல்ல பழக்கம், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கான புது ஃபயர்வால் ஜோனில் (அந்த நெட்வொர்க்குக்கான விதித் தொகுப்பு) இன்புட்டை ‘ரிஜெக்ட்’ என்று போட்டுவிட்டு அதோடு எழுந்துபோய்விடுகிறோம். முகவரி கேட்டு வரும் கோரிக்கையும் ரவுட்டருக்குள் வருகிற இன்புட்தான். அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டால் சாதனம் வாசல் வரை வந்து ஐபி இல்லாமல் நிற்கும். டிஹெச்சிபிக்கு யுடிபி போர்ட் 67, டிஎன்எஸ்ஸுக்கு போர்ட் 53, இந்த இரண்டையும் அனுமதிக்க தனி விதிகள் எழுதுங்கள். வெளியே போவதை இறுக்குகிறவர்கள் நேரம் கேட்கும் யுடிபி 123-ஐயும் விட்டுவையுங்கள், இன்று என்ன தேதி என்றே தெரியாத சாதனம் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க முடியாமல் திரும்பிவிடக்கூடும்.

விஎல்ஏஎன் பிரித்தால் வரும் இன்னொரு தலைவலி, ஆப் சாதனத்தைக் கண்டுபிடிக்காதது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் எம்டிஎன்எஸ் செய்திகள் ஒரு நெட்வொர்க்குக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்ததற்குத் தாண்டாது. அவாஹி என்ற பேக்கேஜைப் போட்டு, அந்தச் செய்திகளை அடுத்த நெட்வொர்க்குக்கும் திரும்பச் சொல்லும் ரிஃப்ளெக்டரை ஆன் செய்தால் இரண்டு பக்கமும் கேட்கும், ஆனால் பேச்சு நடக்க ஃபயர்வாலும் வழிவிட வேண்டும். விஎல்ஏஎன்னே இல்லாமல் இந்தச் சிக்கல் வந்தால் ‘ஐசோலேட் கிளையண்ட்ஸ்’ (சாதனங்கள் தமக்குள் பேசுவதைத் தடுப்பது) டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். மேட்டர் (ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொது முறை) சாதனங்கள் வாங்கியிருப்பவர்கள் வீட்டுக்குள் புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6-ஐ அடைக்காதீர்கள், அவை பேசுவதே அதில்தான்.

ரவுட்டரில் போட்டிருக்கும் விளம்பரத் தடுப்பும் சில நேரம் குற்றவாளி. தடுப்புப் பட்டியலில் பல்பின் சர்வரும் சிக்கியிருக்கலாம். ஒருமுறை தடுப்பை அணைத்துப் பாருங்கள், பல்பு உயிர் பெற்றால் டிஎன்எஸ் கேள்விகளை லாக் செய்யவிட்டு, எந்தப் பெயரை அது திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று பார்த்து அதை மட்டும் விலக்கிவிடலாம்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, அதற்கு முன் லூசியில் பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு. நான் முதல் இரவில் ஆறு செட்டிங்கை ஒரே அடியாக மாற்றியும் பிளக் வரவில்லை, அந்த ஆறில் எதைத் திரும்ப வைப்பது என்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு சேனலை மட்டும் 13-இலிருந்து 6-க்கு மாற்றினேன். பிளக் இருபது விநாடியில் வந்து சேர்ந்தது, ஐந்தரை மணி டைமரைத் திரும்பப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.