எகிப்தியச் சித்திரங்களில் பறவைகளைப் புரிந்துகொள்வது எப்படி?

பண்டைய எகிப்தின் கோயில் தூண், கல்லறைச் சுவர், நகை என எதைப் பார்த்தாலும் எங்காவது ஒரு பறவை இருக்கும். அதன் பொருளைப் பிடிக்க எகிப்திய எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பறவையோடு வேறு எதைச் சேர்த்து வரைந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகினாலே பாதி விளங்கிவிடும். தெளிவான படம் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: என்ன பறவை?

முதலில் அலகு. குட்டையான கொக்கி அலகும் கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடும் இருந்தால் வல்லூறு. பெரும்பாலும் அது அரசனைக் காக்கும் தெய்வமான ஹோரஸ். அலகு நீண்டு கீழே வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன்; எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய தெய்வமான தோத்தின் பறவை. அகன்ற சிறகும் நீண்ட கழுத்தும் கொண்ட பிணந்தின்னிக் கழுகு, பெரும்பாலும் தென்பகுதியின் காவல் தெய்வமான நெக்பெத்.

படி 2: தலையிலும் காலிலும் என்ன இருக்கிறது?

இட்ஃபூ கோயிலில் நிற்கும் கல் வல்லூறின் தலையில் தெற்கு, வடக்கு இரண்டுக்குமான இரட்டை மகுடம் இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே ஆட்சியில் என்று அதற்குப் பொருள். கழுகின் நகங்களில் ஒரு வளையத்தைப் பார்ப்பீர்கள். 'ஷென்' எனப்படும் அது முடிவில்லாத காப்பைக் குறிக்கும். கோயில்களின் நடுப்பாதைக் கூரையில் இந்தக் கழுகுகளை வரிசையாக வரைந்தார்கள்; கீழே நடந்து வரும் அரசனுக்கு மேலே அவை சிறகை விரித்திருக்கும்.

படி 3: மனித உறுப்பு ஏதாவது உண்டா?

பறவை உடலில் மனிதத் தலை இருந்தால் அது 'பா'. இறந்தவரின் உடலை விட்டுப் பறந்துபோய்த் திரும்பி வரும் ஆன்மாவின் ஒரு கூறு.

மனிதக் கைகள் இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். எகிப்தியப் பறவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தலையில் கொண்டை வைத்த ஆள்காட்டிப் பறவை, 'ரெக்கீத்', எளிய குடிமக்களைக் குறிக்கும். அது உட்கார்ந்திருக்கும் கூடைக்கு 'எல்லாரும்' என்று பொருள். உயர்த்திய கைகளும் பக்கத்தில் உள்ள நட்சத்திரமும் வணங்குவதைச் சொல்கின்றன. சேர்த்துப் பார்த்தால், 'மக்கள் எல்லாரும் வணங்குகிறார்கள்' என்ற முழு வாக்கியமே கிடைக்கிறது! மெதினத் ஹாபு என்ற இடத்தில் அரசன் மூன்றாம் ராம்சேஸின் அரண்மனை ஓடுகளில் இந்த உருவம் உண்டு. இன்னும் பழைய காலத்தில், கி.மு. 3100 வாக்கில் செய்யப்பட்ட 'தேள் அரசன்' என்ற மன்னனின் கதாயுதத் தலைப்பகுதியில், இதே பறவைகள் கம்பங்களில் கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகின்றன. அரசனுக்கு அடங்கியவர்கள் என்பதை அவ்வளவு கடுமையாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

படி 4: எதுவும் சேர்க்கவில்லையா?

அப்படியானால் சின்னம் தேடி அவசரப்பட வேண்டாம். மெய்தூமில் இதெத் என்ற பெண்ணின் கல்லறையில் கிடைத்த, கி.மு. 2600 வாக்கில் தீட்டிய ஆறு வாத்துகள் இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மகுடமும் இல்லை, வளையமும் இல்லை. பறவைகளை வலை வீசிப் பிடிக்கும் காட்சியின் ஒரு பகுதி அது. அங்கே இறகின் ஒவ்வொரு கோட்டையும் நிதானமாகப் பாருங்கள்.