இசப்கோலா திரிபலாவா, எத வாங்கறது?
வயிறு சரியில்லன்னதும் ஆன்லைன்ல கண்ட டப்பாவையும் ஆர்டர் போடாதீங்க, மொதல்ல பிரச்சனை என்னன்னு பாருங்க. மலச்சிக்கல்னா இசப்கோல் (தண்ணிய உறிஞ்சி உப்பற ஒரு விதையோட உமி) நல்லது, ஆனா ஒரு ஸ்பூன் போட்டு பெரிய டம்ளர் தண்ணியில கலக்குன உடனே குடிச்சிடணும், நான் ஒரு தடவ போன் பேசிட்டு வர்றதுக்குள்ள டம்ளர்ல கஞ்சி மாதிரி கெட்டியாயிடுச்சு, தண்ணி கம்மியா இருந்தா தொண்டையிலயே அடைச்சுக்கும். வேற மாத்திரை போடறவங்க நடுவுல 2 மணி நேரமாவது கேப் விடுங்க.

கேஸ், உப்புசத்துக்கு ஓமத்தண்ணியே போதும்னு நான் சொல்வேன்.

திரிபலா பொடி வாங்கறதா இருந்தா லேபிள்ல கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூணு மட்டும் இருக்கான்னு பாருங்க, நாட்டு மருந்து கடையில கடுக்காய் வாங்கி நீங்களே இடிச்சா கொட்டைய எடுத்துடணும். லூஸ் மோஷன் இருக்கறப்போ வேணாம், கர்ப்பமா இருக்கறவங்களும் தொடாதீங்க. மலத்துல ரத்தம் வந்தா நேரா டாக்டர்கிட்ட போங்க.