ரேடாரில் மழை தெரிகிறது, காற்று தெரியவில்லை

2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரைத் தாக்கிய டொர்னேடோவின் ரேடார் தரவை, பை-ஆர்ட் என்ற பைத்தான் நிரலகத்தில் திறந்தேன். மழை எதிரொலிப்பு அருமையாக வந்தது, டொர்னேடோ இருக்கும் இடத்தைக் காட்டும் கொக்கி போன்ற வளைவுகூடத் தெளிவு. காற்று வேகத்தைக் கேட்டால் மட்டும் வெற்றுப் படம். கோப்பை மறுபடி இறக்கியும் அதே கதைதான்.

முதல் சுற்றின் வேக மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்தால், எல்லாமே தரவு இல்லை என்று மறைக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் நெக்ஸ்ராட் வானிலை ரேடார்கள் தாழ்வான கோணங்களில் ஒரே கோணத்தில் இரண்டு முறை சுற்றும். முதல் சுற்றில் ரேடார் அனுப்பும் அலைத் துடிப்புகளுக்கு இடையே இடைவெளி அதிகம், 460 கி.மீ. வரை மழையைப் பார்க்கலாம். அடுத்த சுற்றில் துடிப்புகள் நெருக்கமாகப் போகும். வேகம் கிடைப்பது அதில்தான். ஸ்வீப் எண்ணை, அதாவது சுற்றின் எண்ணை, 0 (முதல் சுற்று) என்பதிலிருந்து 1 (இரண்டாம் சுற்று) ஆக்கினேன், படம் வந்துவிட்டது.

சரி, முடிந்தது என்று பார்த்தால், கடும் சிவப்புக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சைத் திட்டு! (சிவப்பு என்றால் ரேடாரை விட்டு விலகும் காற்று, பச்சை என்றால் நெருங்கும் காற்று.) ரேடாரால் அளக்க முடிகிற வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எண் மறுகோடிக்கு மடிந்துவிடும்: எல்லை நொடிக்கு 26 மீட்டர் என்றால், விலகிப் போகும் 30 மீட்டர் காற்று, நெருங்கி வரும் 22 ஆகத் தெரியும். முதலில் இரைச்சலை வடிகட்டி, அப்புறம் பகுதிவாரியாக மடிப்பை நீக்கும் செயல்கூற்றை ஓட்டினேன். திட்டு போனது.

ஆனால் டொர்னேடோவின் சுழற்சியிலும் சிவப்பும் பச்சையும் ஒட்டித்தான் நிற்கும். திருத்தும்போது அதுவும் சிதையலாம். அதனால் மூலப் படத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.