ஒண்ணுக்கு மேல வியாதியா? ஃப்ரெண்ட்ஸ் விஷயத்துல இந்தத் தப்பெல்லாம் வேண்டாமே

சுகர் மட்டும்னா ஒரு மாதிரி சமாளிச்சிடலாம். அதோட பிரஷர், தைராய்டு, மூட்டுவாதம்னு ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துக்கிட்டா அது வேற கதை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாக்டர், ஒரு ஃபைல், ஒரு டயட் சார்ட், அந்தந்த டாக்டர் அவங்கவங்க பங்கைத்தான் பார்ப்பாங்க, ரெண்டு டாக்டருக்கும் நடுவுல என்ன நழுவுதுன்னு பார்க்கிற வேலை நம்ம தலையில. வீட்ல இருக்கிறவங்களும் ஒரு கட்டத்துக்கு மேல ஓய்ஞ்சு போயிடுவாங்க, அப்போ கை கொடுக்கிறது ஃப்ரெண்ட்ஸ்தான். எனக்கு சுகர், தைராய்டு, ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டுவாதம் மூணும் இருக்கு, என்னை மாதிரி ஆளுங்க நிறைய பேரைப் பார்த்துட்டேன். நல்ல ஃப்ரெண்ட்ஸ் இருந்தும் அவங்க உதவி நமக்கு வந்து சேராம போறதுக்குக் காரணம் பெரும்பாலும் நம்ம பக்கம்தான் இருக்கு.

முதல் தப்பு, "எது வேணும்னாலும் கேளுடி"ன்னு சொல்றவங்ககிட்ட "சரிடி"ன்னு சொல்லிட்டு விட்டுடுறது. அவங்க மனசாரத்தான் சொல்றாங்க, ஆனா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியாது, நாமளும் சொல்ல மாட்டோம், ரெண்டு மாசம் கழிச்சு "யாருமே கண்டுக்கலை"ன்னு புலம்புவோம். கேக்கும்போது வேலையா கேளுங்க. "வியாழக்கிழமை ஓபிக்கு என்கூட வர்றியா, டோக்கன் போட்டு உக்காரணும், உள்ள டாக்டர் சொல்றதை நீ எழுதிக்கோ" அப்படின்னு. டாக்டர் ரூமுக்குள்ள போனதும் நமக்குப் பாதி மறந்துடும், வெளிய வந்தா மாத்திரை மதியமா நைட்டான்னே டவுட்டு. கூட ஒரு ஆள் நோட்டோட உக்காந்திருந்தா அந்தக் குழப்பமே இல்ல. இன்னொரு வேலையும் அவங்ககிட்ட ஒப்படைக்கலாம், எல்லா டாக்டரும் எழுதின மாத்திரையையும் ஒரே பேப்பர்ல எழுதி அதைப் புது டாக்டர் முன்னாடி வைக்கிறது. மூட்டுவலி அதிகமாகி ஸ்டீராய்டு எழுதுறாங்கன்னு வைங்க, அது சுகரை நல்லா ஏத்திவிடும், சுகர் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது. "சார் இவளுக்கு சுகரும் இருக்கு"ன்னு பக்கத்துல இருந்து ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னா போதும். (ஸ்டீராய்டை வாரக்கணக்கா சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க சுகர் ஏறுதேன்னு பயந்து நாமளே டக்குனு நிறுத்தவும் கூடாது, அதை டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும்.)

அடுத்தது, லோ சுகர் பத்தி யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறது. என்னைக் கேட்டா இதுதான் இருக்கிறதுலயே மோசமான தப்பு. இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சுகர் 70க்குக் கீழ இறங்கினா கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இன்னும் இறங்கினா பேச்சு குளறும், காரணமே இல்லாம கோவம் வரும். பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டுக்கு விவரம் தெரியலைன்னா "என்னாச்சு இவனுக்கு, சரக்கு போட்டிருக்கானா"ன்னு நினைச்சுட்டுப் போயிடுவான். முன்னாடியே சொல்லி வைங்க: 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணில கலந்து குடு, இல்லைனா அரை கிளாஸ் ஜூஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக் பண்ணு, ஏறலைன்னா இன்னொரு தடவை குடு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதை லேட் ஆக்கும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு நேரா 108க்கு போன் போடணும். இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. பிரஷருக்கோ ஹார்ட்டுக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் வெளிய தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு வியாதிக்குக் குடுத்த மாத்திரை இன்னொரு வியாதியோட எச்சரிக்கை மணியை அமுக்கிடுது பாருங்க, அதனாலதான் ஃபேன் ஓடுற ரூம்ல திடீர்னு ஒருத்தருக்கு வியர்த்துக் கொட்டினா உடனே சுகர் செக் பண்ணணும்னு ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மாத்திரை டப்பா அடுக்கித் தர்ற ஃப்ரெண்டு இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க, ஆனா மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவங்க ரொம்ப ரொம்ப கவனமா இருக்கணும். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுற மாத்திரை. தெரியாம தினமும் ஒண்ணுன்னு அடுக்கிட்டா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தக் கிழமைன்னு அட்டை மேலயே பெருசா பேனாவால எழுதிடுங்க, அந்த ஒரு மாத்திரையை மட்டும் டப்பாவுக்குள்ள நீங்களே போடுங்க, அடுத்தவங்க கைக்குப் போக வேண்டாம்.

இதே மாதிரி ஒரு ஆபத்தான பாசம், "எனக்கும் முட்டி வலிதான், இதைப் போடு, அரை மணி நேரத்துல பறந்துடும்"னு பர்ஸ்ல இருந்து ஒரு மாத்திரை எடுத்து நீட்டுறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரையெல்லாம் பிரஷரை ஏத்தும், கிட்னியைப் படுத்தும். டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும் நீர் பிரியிற மாத்திரையும் ஏற்கனவே சாப்பிடுறவங்க மேல இதையும் சேர்த்துப் போட்டா கிட்னிக்கு இன்னும் ஆபத்து. சளி மாத்திரையும் அப்படித்தான், மூக்கடைப்புக்குச் சேர்க்கிற மருந்து பிரஷரை ஏத்தலாம், நிறைய சளி மாத்திரைல பாராசிட்டமாலும் இருக்கும், ஏற்கனவே காய்ச்சல் மாத்திரை போட்டிருந்தா டபுள் டோஸ் ஆயிடும். வாங்காம இருந்தா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு பார்க்காதீங்க, வாங்கி வச்சுக்கோங்க, போடாதீங்க.

பார்க்க வர்றவங்க கொண்டு வர்ற விஷயத்துக்கும் வருவோம். நம்ம ஊர்ல உடம்பு சரியில்லாதவங்களை வெறுங்கையோட யாரும் பார்க்கப் போக மாட்டோம், ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், இளநீர். ஹார்லிக்ஸ்ல சர்க்கரை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், இளநீர்தான் யாரும் சந்தேகப்படாத ஆளு. கிட்னி பாதிச்சவங்களுக்கு இளநீர்ல இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல தங்கிடும், அது அதிகமானா ஹார்ட்டோட துடிப்பே தாறுமாறா ஆகும். உப்பு குறைக்கணும்னு அக்கறையா வாங்கித் தர்ற லோ சோடியம் உப்புலயும் சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தான் போட்டிருப்பாங்க, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, டெல்மிசார்டன் வகை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடக் கூடாது. "வரும்போது ஒண்ணும் வேண்டாம்"னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அதனால "ரெண்டு வெள்ளரிக்காய் வாங்கிட்டு வா"ன்னு நாமளே சொல்லிடுறது பெட்டர், அவங்களுக்கும் திருப்தி.

காலைல வாக்கிங் கேங் இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டு குறைஞ்சது அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் காபி டீ எதுவும் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம் இடைவெளி வேணும். டீக்கடைல எல்லாரும் நிக்கும்போது நீங்க மட்டும் தண்ணி பாட்டிலோட நிக்கலாம், தப்பே இல்ல.

ஃபங்ஷனுக்கு வர்றேன்னு சொல்லிட்டு கடைசி நிமிஷத்துல "வேலை வந்துடுச்சு"ன்னு பொய் சொல்லிக் கழண்டுக்கிறதும் நிறைய பேர் பண்றதுதான். ரெண்டு மூணு தடவை இப்படி ஆனா அடுத்து கூப்பிடவே மாட்டாங்க, நாம ஒதுங்குறோம்னு அவங்க நினைப்பாங்க, அவங்க ஒதுக்குறாங்கன்னு நாம நினைப்போம். உண்மையைச் சொல்லிடுங்க. ருமடாய்டு இருக்கிறவங்களுக்குக் காலைல எழுந்ததும் மூட்டெல்லாம் இறுகிப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் அப்படியே இருக்கும், சாயங்காலம் அதே ஆள் சாதாரணமா நடப்பாங்க. இது தெரியாதவங்களுக்கு "நேத்து நல்லாத்தானே இருந்தா, இன்னைக்கு என்ன நடிப்பு"ன்னுதான் தோணும். "காலைல முகூர்த்தத்துக்கு வர முடியாது, சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வர்றேன், அன்னைக்கு வலி அதிகமா இருந்தா அதுவும் டவுட்டுதான்"னு முன்னாடியே சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா அது வேற பிரச்சனை, அதுக்கு மாத்திரை கிடையாது.

எல்லாப் பாரத்தையும் ஒரே ஃப்ரெண்டு மேல ஏத்துறது இன்னொண்ணு. வண்டில கூட்டிட்டுப் போறது ஒருத்தர், இன்சூரன்ஸ் பேப்பர் பார்க்கிறது ஒருத்தர், ராத்திரி போன்ல அழறதுக்கு ஒருத்தர்னு பிரிச்சுக்கோங்க. அவங்க வீட்டுக் கதையையும் கேளுங்க, போனை எடுத்தாலே "இன்னைக்கு ஃபாஸ்டிங் 180"னு ஆரம்பிச்சா எந்த ஃப்ரெண்டும் எத்தனை நாளைக்குத் தாங்குவா. நாள்பட்ட வியாதி இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம், வாரக்கணக்குல எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கம் இல்லாம இருந்தா அது ஃப்ரெண்டு பேசிச் சரி பண்ற விஷயம் இல்ல. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் இருக்கு, 14416க்கு போன் பண்ணுங்க, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். நம்பரைத் தேடி டயல் பண்ணிக் குடுக்கிற வேலையை வேணா ஃப்ரெண்டுகிட்ட விடலாம்.

அதே வியாதி இருக்கிற ஃப்ரெண்டு கிடைச்சா அது ஒரு தனி ஆறுதல், எதையும் விளக்கவே வேண்டாம். ஆனா டோஸ் கம்பேர் பண்ணாதீங்க. "அவளுக்கு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 தான், எனக்கு மட்டும் ஏன் 1000"னு பாதியா உடைச்சுச் சாப்பிடுறவங்க இருக்காங்க. "உனக்கும் கால் மரத்துப் போகுதா, எனக்கும்தான், சுகர்னா அப்படித்தான்"னு ரெண்டு பேரும் சமாதானம் ஆகிக்கிறதும் வேண்டாம், வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் சாப்பிட்டா பி12 குறைஞ்சும் கால் மரத்துப் போகும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். அந்த டெஸ்ட்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வரலாம்.

காசு விஷயம் கடைசியா. நாலு வியாதிக்கு மாசாமாசம் மாத்திரை வாங்குறது சின்ன செலவு இல்ல, அதுக்காக ஃப்ரெண்டுகிட்ட கடன் கேக்கிறதுக்கு முன்னாடி 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு, அதுல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க. மத்ததுக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம்னு விலை குறைவான கடைங்க இருக்கு. உங்களுக்கு அலைய முடியலைன்னா சீட்டைக் குடுத்து ஃப்ரெண்டை அனுப்புங்க, ஆனா கம்பெனிப் பேரை விட்டுட்டு உள்ள இருக்கிற மருந்தோட பேரும் மில்லிகிராமும் சீட்டுல இருக்கிறதோட ஒத்துப் போகுதான்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க, தைராய்டு மாத்திரை மட்டும் மைக்ரோகிராம் கணக்கு, அதையும் சொல்லி அனுப்புங்க.