கோதுமையும் பாலும் இல்லாமல் தீபாவளிப் பலகாரம்: முதல்முறை செய்பவர்களுக்கு

வீட்டில் ஒருவருக்குக் கோதுமையும் ஆகாது, பாலும் ஆகாது என்று தெரிந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது அடுப்படியில் ஒரு மலைப்பு வரும். நெய் இல்லாமல் என்ன இனிப்பு, மைதா இல்லாமல் என்ன சோமாசி என்று தோன்றும். எங்கள் வீட்டில் தங்கை மகளுக்குச் சீலியாக் நோய், பால் புரதமும் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காகச் சமைத்துப் பழகியதில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: நம் பலகாரங்களில் முக்கால்வாசி அரிசி, உளுந்து, கடலை, தேங்காய், வெல்லத்தில் செய்பவை. பெரிய சாமான்களை மாற்ற வேண்டிய இடம் குறைவு. ஒரு சிட்டிகை பெருங்காயம், கடைசியில் விடும் ஒரு ஸ்பூன் நெய், மாவு மில், பொரித்த எண்ணெய் என்று சின்னச் சின்ன இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் குழந்தைக்கு மட்டும் தனி டப்பாவில் கொஞ்சம் செய்து கொடுக்கிற வேலையே வேண்டாம். எல்லோருக்கும் அதையே செய்யுங்கள். பந்தியில் எல்லா இலையிலும் ஒரே பலகாரம் இருக்கட்டும். சமைப்பவருக்கும் அதுதான் சுலபம், கைமாறிப்போகும் பயமும் இல்லை.

படி 1: எது ஆகாது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சீலியாக் நோய் இருப்பவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்தும். கொஞ்சம் சாப்பிட்டால் பரவாயில்லை என்பது அவர்களுக்குப் பொருந்தாது. மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான்.

பால் விஷயத்தில் இரண்டு வகை உண்டு. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும். பால் புரத ஒவ்வாமை இருப்பவர்களுக்கு நெய்யும் கூடாது, ஏனென்றால் உருக்கிய நெய்யில் புரதம் சிறிது தங்கியிருக்கும். லாக்டோஸ் நீக்கிய பாலும் அவர்களுக்குப் பால்தான். சீலியாக் நோயில் குடல் பழுதானதால் மட்டும் பால் செரிக்காமல் போவதும் உண்டு. குடல் தேறியதும் அது சரியாகலாம். உங்கள் வீட்டில் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நெய்யும் வேண்டாம் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம்: சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடியும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

படி 2: வழக்கமான பலகாரப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்

வருடா வருடம் செய்வதை ஒரு தாளில் எழுதுங்கள். அதிரசம் அரிசி மாவும் வெல்லமும்தான். மைதா சேர்க்காமல் எண்ணெயில் சுட்டால் மாற்றவே வேண்டாம். தேன்குழல், ரிப்பன் பக்கோடா, ஓமப்பொடி, உளுந்து வடை, கடலை மாவு பஜ்ஜி, எள்ளுருண்டை, கடலை உருண்டை எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய், நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பதோடு முடிந்துவிடும்.

அடுத்தது, ஒரு சாமானை மாற்றினால் சரியாகிவிடுபவை. ரவா கேசரியை அவலில் செய்யலாம், இல்லையென்றால் இட்லி ரவையில் செய்யலாம். இட்லி ரவை அரிசிதான். சேமியா பாயசத்துக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசம். மாலாடுக்கு நெய்க்குப் பதில் உருக்கிய தேங்காய் எண்ணெய் விட்டுப் பிடிக்கலாம். சோமாசிக்குள் வைக்கும் தேங்காய், பொட்டுக்கடலைப் பூரணத்தை அப்படியே கொழுக்கட்டைக்குள் வையுங்கள். அரிசி மாவில் சோமாசி செய்ய மெனக்கெட்டால் ஓரம் பிரிந்து பூரணம் எண்ணெயில் கொட்டும். தீபாவளி லேகியத்துக்கு நெய்யை விட்டுவிட்டு நல்லெண்ணெயை மட்டும் விட்டுக் கிளறுங்கள், அதுவே போதும்.

குலாப் ஜாமூன், பால்கோவா, கோதுமை அல்வா மூன்றையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு ஒப்பாக எதையாவது செய்து வைத்தால் எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பழைய ருசியைத்தான் பேசுவார்கள். அதைவிட நம் ஊர்களிலேயே உள்ள வேறு இனிப்பைச் செய்யலாம். கீழக்கரைத் தொதல் அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது கருப்பட்டி சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவது. அதில் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. அதே சமயம் முதலூர் மஸ்கோத் அல்வாவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் தேங்காய்ப்பாலில் செய்வதுதான், ஆனால் மைதா சேர்ந்தது.

படி 3: அஞ்சறைப் பெட்டியையும் அலமாரியையும் சோதியுங்கள்

முதலில் பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய் என்று அது போகாத இடம் இல்லை. வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவில் சேர்மானங்களைப் படித்து வாங்குங்கள். கிடைக்காத ஊரில் இருந்தால் இரண்டு பல் பூண்டு தட்டிப்போட்டுச் சமாளிக்கலாம்.

அடுத்து மாவு மில். பல மில்களில் கோதுமை அரைத்த கையோடு அதே எந்திரத்தில் நம் அரிசியைக் கொட்டுவார்கள். முதலில் விழும் மாவை ஒதுக்கினாலும் உள்ளே ஒட்டியிருப்பது போகாது. சாம்பார்ப் பொடிக்கும் இதே கதைதான். கொஞ்சமாக என்றால் வீட்டு மிக்சியில் அரையுங்கள். நிறைய வேண்டுமென்றால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட மாவு பாக்கெட் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அப்படி அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

லேபிளில் மால்ட் என்ற சொல் வந்தால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கு மட்டும்தான் அடையாளம், பால் இல்லை என்பதற்கு அல்ல. பால் பவுடர், வே, கேசின் ஆகிய மூன்றும் பாலிலிருந்து வருபவை. மோர் மிளகாயைப் பலரும் மறந்துவிடுவார்கள். மிளகாயை ஊறவைத்ததே மோரில்தான். ஜவ்வரிசி வடகத்திலும் சில வீடுகளில் மோர் ஊற்றிக் காய்ச்சுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பாத்திரத்தைப் பிரியுங்கள்

சப்பாத்தி போடும் தோசைக்கல்லில் தோசை ஊற்ற வேண்டாம், தனிக் கல் வாங்குங்கள். சப்பாத்திப் பலகை, குழவி, மரக் கரண்டி, மாவு சலித்த சல்லடை இவற்றை எவ்வளவு தேய்த்தாலும் இடுக்கில் மாவு நிற்கும். எவர்சில்வர் பாத்திரங்களை நன்றாகக் கழுவினால் போதும். பலகார எண்ணெய் புதிதாக இருக்கட்டும். பூரி பொரித்த எண்ணெயில் முறுக்கு பிழிந்தால், முறுக்கில் கோதுமை இல்லாமலும் பயன் இல்லை. பலகாரம் செய்யும் நாட்களில் மைதா, கோதுமை மாவு டப்பாக்களைத் திறக்காமலே இருப்பது நல்லது. மாவு காற்றில் பறந்து எங்கும் படியும்.

படி 5: தேங்காய்ப்பால் முறுக்கு

முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள். வெண்ணெய் இல்லாத குறை தெரியாது, ருசியும் ஒரு படி மேல்.

அரிசி மாவு 4 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு அரை கப், கெட்டித் தேங்காய்ப்பால் சுமார் ஒன்றரைக் கப், காய்ச்சிய எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எள் 2 தேக்கரண்டி, உப்பு. பெருங்காயம் சரியானது கிடைத்தால் மட்டும் சேருங்கள்.

பச்சரிசியைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்து, வாணலியில் சூடு ஏறும்வரை லேசாக வறுத்து ஆறவிடுங்கள். நிறம் மாறக்கூடாது. உளுந்தை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, நன்றாக ஆறியபின் நைசாக அரைத்துச் சலியுங்கள். உளுந்து மாவில் குருணை இருந்தால் முறுக்கு எண்ணெயில் வெடிக்கும்.

மாவு இரண்டையும் எள், உப்போடு கலந்து, காய்ச்சிய எண்ணெயை ஊற்றி விரலால் பிசிறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். தேங்காய்ப்பாலிலேயே கொழுப்பு இருப்பதால் எண்ணெயை இதற்கு மேல் கூட்டாதீர்கள். கூடினால் முறுக்கு எண்ணெயில் கரைந்து பிரியும். குறைந்தால் கல்லாகும். தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். போதவில்லை என்றால் வெந்நீர் தெளித்துக்கொள்ளலாம். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைத்தால் கடைசி ஈடு சிவந்துபோகும். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் பிசையுங்கள்.

மாவில் ஒரு துளி எண்ணெயில் போட்டால் உடனே மேலே வர வேண்டும். பிழிந்ததும் தீயை மிதமாக்குங்கள். தேங்காய்ப்பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையால் இந்த முறுக்கு சீக்கிரம் சிவக்கும். நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே வேகாமல் மறுநாள் நமுத்துவிடும். எண்ணெயின் சலசலப்பு அடங்குவதுதான் கணக்கு. காதால் கேட்டு எடுங்கள். முற்றிலும் ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். தேங்காய் சேர்ந்ததால் ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவது நல்லது, வைத்தால் சிக்கு வாடை அடிக்கும்.

படி 6: தேங்காய் எண்ணெயில் மைசூர் பாகு

நெய் மைசூர் பாகின் மணம் இதில் வராது. ஆனால் இதற்கென்று ஒரு ருசி உண்டு, குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். கடலை மாவு 1 கப், சர்க்கரை 2 கப், தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் முக்கால் கப் வீதம். கடலை எண்ணெய் மட்டும் விட்டால் துண்டு கசியும். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் வாசனை தூக்கலாக இருக்கும். கடலை மாவும் மில் சங்கதிதான், படி 3 நினைவிருக்கட்டும்.

மாவைப் பச்சை வாசனை போகும்வரை வறுத்துச் சலியுங்கள். சர்க்கரையில் அரை கப் தண்ணீர் விட்டு ஒற்றைக் கம்பிப் பாகு வந்ததும் மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். பக்கத்து அடுப்பில் எண்ணெய் சூடாகவே இருக்கட்டும். ஒவ்வொரு கரண்டியாக ஊற்றும்போது புஸ்ஸென்று பொங்க வேண்டும். அந்தப் பொங்கலில்தான் ஓட்டை ஓட்டையாக வரும். ஓரம் விட்டு, எண்ணெய் பிரியத் தொடங்கிய நொடியில் தட்டில் கொட்டி, சூடு இருக்கும்போதே கோடு போடுங்கள்.

படி 7: பண்டிகைச் சாப்பாடு

பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கும்போது கவலையே வேண்டாம். அரை கப் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வறுத்து, இரண்டாம் பாலில் குழைய வேகவிடுங்கள். முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் ஒரு கப் முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரியும். ஏலக்காய், சுக்கு, தேங்காய் எண்ணெயில் வறுத்த முந்திரியும் தேங்காய்ப் பல்லும் போட்டால் முடிந்தது.

அவியலுக்குத் தயிர் வேண்டாம், மாங்காய் போடுங்கள். கறி ஊறவைக்கத் தயிருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. பிரியாணிக்குத் தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள எலுமிச்சை பிழிந்த வெங்காயம். அப்பளப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

படி 8: உறவுகளும் பட்சணப் பரிமாற்றமும்

வீட்டுக்கு வரும் இனிப்புப் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாளில் பிரிக்க வேண்டாம். "ஒரு ஸ்பூன் நெய்தானே, என்ன ஆகிடும்?" என்று பெரியவர்கள் அன்போடுதான் கேட்பார்கள். பால் புரத ஒவ்வாமை சிலருக்கு மூச்சு அடைக்கிற அளவுக்குப் போகும் என்பதைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே, போனில், பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு சொன்னால் பரிமாறுபவர் மனம் வருந்தும், குழந்தைக்கும் எல்லோர் எதிரில் சங்கடம்.

அத்தை வீட்டுக்கோ பெரியப்பா வீட்டுக்கோ சாப்பிடப் போவதாக இருந்தால், நாம் வாங்கிய பெருங்காயத்தையும் ஒரு புதுப் பாக்கெட் எண்ணெயையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இட்லி, சட்னி, பருப்பு வடை, பாயசம் என்று நான்கு ஐட்டத்தை மட்டும் சொல்லி, அதை முதலில் செய்துவிட்டு மற்றதைச் செய்யும்படி கேளுங்கள். பரிமாறும்போது நெய்க் கரண்டி சாம்பாருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் விவரமான ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முடிந்தால் குழந்தைக்கு முதல் ஈட்டிலேயே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.